பல்லூடகக் கதையில் கடிகாரம் யார் கையில்?

ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்கிறோம். தலைப்புக்குக் கீழே காணொளி தானாக ஓடத் தொடங்குகிறது. அதை நிறுத்திவிட்டு நாலு வரி படித்தால் படத்தொகுப்பு குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டினால் ஒரு வரைபடம். விரலை வைத்தால் பக்கம் நகராமல் வரைபடம் மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது. எழுத்து, படம், ஒலி, அசைவு எல்லாம் இருந்தும் இரண்டாவது நிமிடத்தில் மூடிவிடுகிறோம். வேறொரு பக்கத்திலும் இதே நான்குதான் இருக்கின்றன. அங்கே கடைசி வரிக்குப் போன பிறகுதான் மணி பார்க்கிறோம்.

பட்ஜெட்தான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் மாதக்கணக்கில் உழைத்துக் கட்டிய பக்கங்களும் ஆளில்லாமல் கிடந்திருக்கின்றன. வெறும் வண்ணப் புள்ளிகளை ஓடவிட்ட ஒரு பக்கம் உலகத்தையே சுற்றி வந்திருக்கிறது. பக்கம் எதனால் நிற்கிறது, எங்கே அறுகிறது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

## சொல்லின் பொருள்

எழுத்தும் காணொளியும் ஒரே இடத்தில் இருந்தால் அது பல்லூடகப் பக்கம். ஓர் ஊடகம் விட்ட இடத்திலிருந்து அடுத்தது கதையை எடுத்துச் சென்றால் அது பல்லூடகக் கதை. சோதிப்பது எளிது. காணொளியை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். கதையில் ஓட்டை விழுந்தால் அதற்கு அங்கே வேலை இருந்தது. விழவில்லை என்றால் அது தோரணம். படம், ஒலி, வரைபடம் ஒவ்வொன்றுக்கும் இதே சோதனைதான், எழுத்துக்கும் உண்டு. காணொளியில் தெளிவாகத் தெரிவதை அதன் கீழே மூன்று பத்தியில் திரும்பச் சொன்னால், வெட்ட வேண்டியது அந்த மூன்று பத்தி.

## மனம் இரண்டு வாசல் வழியாக வாங்குகிறது

கனடா உளவியலாளர் ஆலன் பைவியோ 1971இல் இரட்டைக் குறியீட்டுக் கோட்பாட்டை முன்வைத்தார். சொல்லை ஒரு விதமாகவும் உருவத்தை இன்னொரு விதமாகவும் மனம் பதித்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் நினைவு உறுதிப்படுகிறது என்பது அதன் சாரம். கூடவே ஒரு தடையும் உண்டு. அந்த நேரத்தில் மனம் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் இடம், அதாவது செயல்நினைவு, மிகச் சிறியது. ஒரே சமயத்தில் சுமார் நான்கு விஷயங்கள்தான் அதில் தங்கும் என்பது நெல்சன் கோவன் 2001இல் வைத்த கணக்கு.

இந்த இரண்டையும் சேர்த்து, படமும் சொல்லும் எப்போது ஒத்துழைக்கின்றன, எப்போது மோதிக்கொள்கின்றன என்று பல ஆண்டுகள் சோதித்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மேயர். மின்னல் எப்படி உருவாகிறது, சைக்கிள் பம்ப் எப்படி வேலை செய்கிறது போன்ற சின்னப் பாடங்கள்தான் அவருடைய கருவி. அவரும் சக ஆய்வாளர்களும் கண்டவற்றில் கதை செய்பவருக்கு நேரடியாக உதவுபவை இவை:

1. அசையும் படத்தோடு பேச்சு சேர்ந்தால் நன்றாகப் புரிகிறது. பேச்சுக்குப் பதிலாக அதே வாசகத்தைத் திரையில் எழுத்தாக ஓட்டினால் புரிதல் குறைகிறது. படம், எழுத்து இரண்டுக்கும் கண் ஒன்றுதான், அது அலைகிறது.
2. படம், பேச்சு, அதே பேச்சின் எழுத்து மூன்றையும் ஒன்றாகக் காட்டுவது, படமும் பேச்சும் மட்டும் இருப்பதைவிட மோசம்.
3. மின்னல் பாடத்தின் நடுவே, மின்னல் தாக்கிய மனிதர்களைப் பற்றிய சுவையான செய்திகளைச் செருகினால், மின்னல் எப்படி உருவாகிறது என்பதை வாசகர்கள் குறைவாக நினைவுவைத்திருந்தார்கள். செருகல் சுவையாக இருந்ததுதான் கெடுதல்.
4. விளக்கப் படத்துக்குப் பின்னணி இசை சேர்த்தபோதும் அப்படியே. 
5. குறிப்புச் சொல்லைப் படத்தின் உறுப்புக்குப் பக்கத்திலேயே எழுதினால் புரிகிறது; கீழே 1, 2, 3 என்று பட்டியல் போட்டுத் தேடவைத்தால் புரிதல் சரிகிறது.

இரண்டாவது முடிவை வைத்துக்கொண்டு வசன வரியே, அதாவது சப்டைட்டிலே, வேண்டாம் என்று சிலர் வாதிடுவதுண்டு. அது தவறு. காது கேளாதவர்களுக்கும், பேருந்தில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கும், அந்த மொழி சரளமாக வராதவர்களுக்கும் வசன வரிதான் ஒரே வழி. அதை அணைக்கும் வசதியோடு வையுங்கள். வசன வரி ஓடும்போது அதே காட்சியில் எண்களும் அம்புக்குறிகளும் நிறைந்த வரைகலையைத் திணிக்காதீர்கள். மோதல் அங்கேதான் நடக்கிறது.

## இரண்டு கடிகாரங்கள்

மேயரின் சோதனைகள் பாடத்தைப் பற்றியவை. கதைப் பக்கத்தில் இன்னொரு சிக்கல் சேர்கிறது: நேரம்.

எழுத்தைப் படிக்கும்போது கடிகாரம் வாசகர் கையில். பிடித்த வரியில் நிற்பார், சலித்ததைத் தாவுவார், திரும்பி வருவார். அசையாப் படமும் வரைபடமும் அப்படியே. காணொளியிலும் ஒலியிலும் கடிகாரம் செய்தவர் கையில். 90 விநாடிக் காணொளியின் கருத்து 70ஆவது விநாடியில் இருந்தால், அதுவரை பார்வையாளர் உட்கார்ந்திருக்க வேண்டும். தாவினால் எங்கே தாவுவது என்று அவருக்குத் தெரியாது.

பல்லூடகப் பக்கங்கள் பெரும்பாலும் அறுவது கடிகாரம் கைமாறும் இடத்தில். தன் வேகத்தில் படித்துக்கொண்டிருந்தவரை “இப்போது இரண்டரை நிமிடம் என் வேகத்துக்கு வா” என்று இழுக்கிறோம். என்ன கிடைக்கப்போகிறது, எவ்வளவு நேரம் என்று சொல்லாமல் இழுத்தால் வரமாட்டார். வந்தவர் திரும்பும்போது எழுத்தில் எங்கே விட்டோம் என்பதை மறந்திருப்பார்.

ஆகவே கைமாற்றம் நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்விகள். ஒன்று, இந்த இடத்தில் நேரத்தை நாம் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? சத்தமில்லாத எட்டு விநாடிச் சுழல் காணொளி, அதாவது லூப், வாசகரின் நேரத்தைப் பறிப்பதில்லை. அது அசையும் புகைப்படம். நின்றால் பார்க்கலாம், போனால் போகலாம். இரண்டு, எவ்வளவு நேரம் என்று சொல்லியிருக்கிறோமா? “கேளுங்கள்: மதகு திறக்கும் சத்தம், 20 விநாடி” என்ற ஒரு வரியிலேயே பலரின் தயக்கம் தீரும். மூன்று, திரும்பிவரும்போது ஏறிக்கொள்ளப் படி இருக்கிறதா? காணொளிக்கு அடுத்த பத்தியின் முதல் வரி, அதைப் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் ஒருசேரப் புரிய வேண்டும். “மேலே பார்த்தது போல” என்று தொடங்கினால் பார்க்காதவர் அங்கேயே விழுந்தார்.

## பனிச்சரிவிலிருந்து ஒரு பாடம்

2012 பிப்ரவரி 19. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைத்தொடரின் டன்னல் கிரீக் சரிவில் 16 பனிச்சறுக்கு வீரர்கள் இறங்கினார்கள். பனிச்சரிவு ஏற்பட்டு மூவர் இறந்தனர். அந்த ஆண்டு டிசம்பர் 20 அன்று நியூயார்க் டைம்ஸ் இதை “ஸ்னோ ஃபால்” என்ற பெயரில் ஆறு பகுதிகளாக இணையத்தில் வெளியிட்டது. எழுதியவர் ஜான் பிராஞ்ச். முதல் ஆறு நாளில் 29 லட்சம் வருகைகள், 35 லட்சம் பக்கப் பார்வைகள் என்று அப்போதைய நிர்வாக ஆசிரியர் ஜில் ஏப்ரம்சன் அலுவலகக் குறிப்பில் எழுதினார். 2013இல் சிறப்புக் கட்டுரைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசு எழுத்துக்கு வந்தது என்பதை இந்தப் பக்கத்தைப் புகழ்பவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

அதன் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால் கடிகாரக் கணக்கு புரியும். முகப்பில் மலைமுகட்டில் பனித்தூள் பறக்கும் காட்சி, சத்தமின்றிச் சுழன்றுகொண்டே இருக்கிறது. குளிர், காற்று, ஆளற்ற வெளி எல்லாம் ஒரு சொல்லும் இன்றி வந்துவிடுகின்றன. வாசகரின் நேரம் ஒரு விநாடிகூடப் பறிபோகவில்லை. உயிர்தப்பியவர்களின் பேட்டித் துண்டுகள் எழுத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. வேண்டியவர் தொட்டுப் பார்க்கலாம், மற்றவர் கடந்துபோகலாம். முப்பரிமாண நிலப்பரப்பு வாசகர் அந்தப் பத்திக்கு வரும்போதுதான் அசைகிறது. எந்தச் சரிவில் யார் எந்தப் பக்கமாக இறங்கினார் என்பதை எழுத்தில் சொன்னால் பக்கம் பக்கமாக நீளும், அப்போதும் தலை சுற்றும். அசைவுப்படம் சில விநாடிகளில் சொல்லிவிடுகிறது. அச்சமும் குற்றவுணர்வும் தயக்கமும் எழுத்திலேயே விடப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு வரைகலை உதவாது.

பிறகு நடந்தது வேடிக்கை. செய்தி அறைகளில் “ஸ்னோ ஃபால்” ஒரு வினைச்சொல்லாகவே ஆனது, “இதையும் ஸ்னோ ஃபால் பண்ணலாமா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் அதன் நகலைச் செய்துகாட்டினோம் என்று 2013இல் ஒரு சிறு மென்பொருள் நிறுவனம் விளம்பரப்படுத்த, நாளிதழ் வக்கீல் கடிதம் அனுப்பியது. வடிவத்தை ஒரு மணி நேரத்தில் நகலெடுக்க முடியும் என்பது உண்மைதான். அதனால்தான் முழுத்திரைப் படமும் ஓடும் காணொளியும் எல்லாத் தலைப்புகள் மீதும் ஏறின. நகராட்சி வரவுசெலவுக் கட்டுரைக்குக்கூட மேகம் மிதக்கும் முகப்பு வந்தது. இடம் சார்ந்த, நிமிடம் நிமிடமாக நகர்ந்த, பலர் ஒரே சமயத்தில் வெவ்வேறு இடத்தில் நின்ற ஒரு நிகழ்வு என்பதால் பனிச்சரிவுக்கு அந்த வடிவம் பொருந்தியது. அந்தக் குணங்கள் இல்லாத விஷயத்தில் அதே வடிவம் வெறும் சுமை.

## எதற்கு எது

அட்டவணை போட்டால் எல்லாம் சம முக்கியத்துவம் போலத் தோன்றும், அப்படி இல்லை.

1. எழுத்து: காரணம், எண்ணம், பின்னணி, காலத்தைச் சுருக்குவது, “ஆனால்”, “ஒருவேளை” போன்ற நிபந்தனைகள். “மூன்று தலைமுறையாக” என்ற இரண்டு சொல்லைக் காணொளியில் எடுக்க முடியாது.

2. அசையாப் புகைப்படம்: முகம், கை, ஒரு கணம். கண் நின்று ஆராய வேண்டிய எதுவும். ஒரு கதைக்கு ஐந்தாறு போதும். படத்தொகுப்பில் 24 படம் வைப்பது தேர்ந்தெடுக்கும் வேலையை வாசகரிடம் தள்ளுவது.

3. காணொளி: செய்முறை, அசைவு, ஒருவர் சொல்லத் தயங்கும் இடைவெளி. பேட்டியாளர் பேசுவதில் தகவல் மட்டுமே இருந்தால் எழுத்தில் மேற்கோளாகப் போட்டுவிடலாம். குரல் உடைகிற, பார்வை விலகுகிற 15 விநாடி இருந்தால் அதை மட்டும் வெட்டி வையுங்கள்.

4. ஒலி: அதிகம் வீணாகும் ஊடகம் இதுதான், அதிகம் பயன் தரக்கூடியதும் இதுதான். எடுக்கும்போதே மூன்று வகையாக எடுக்க வேண்டும். பேட்டிக் குரலுக்கு மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் ‘ப’கர ஓசைகள் வெடிக்கும். செயலின் ஒலி இரண்டாவது: தறி அடிப்பது, மதகு திறப்பது, துடுப்பு தண்ணீரில் விழுவது. மூன்றாவது இடத்தின் வெற்றொலி: யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம். பேட்டியை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப இந்த மூன்றாவது இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டும் காதில் குத்தும். மின்விசிறியை அணைக்க மறப்பதும், காற்றுக்கு மைக் உறை போடாததும் வழக்கமான விபத்துகள். காற்று மைக்கில் அடித்த சத்தத்தைப் பிறகு சுத்தமாக நீக்க முடியாது.

5. நிலப்படம், வரைபடம்: எங்கே, எவ்வளவு, எப்படி மாறியது. இந்த மூன்றில் ஒன்றுக்காவது விடை சொல்லாவிட்டால் தேவையில்லை.

6. உருவகச் செயல்படம், அதாவது சிமுலேஷன்: விதியைச் சொன்னால் புரியாது, விதி ஓடுவதைப் பார்த்தால்தான் புரியும் என்ற இடத்தில்.

கடைசி வகைக்குச் சிறந்த சான்று 2020 மார்ச்சில் வாஷிங்டன் போஸ்டில் ஹாரி ஸ்டீவன்ஸ் செய்த பக்கம். கொரோனா பற்றிய பக்கம்தான், ஆனால் அதில் ஒரு கற்பனை நோய். ஒரு பெட்டிக்குள் புள்ளிகள் அலைகின்றன; நோயுற்ற புள்ளி தொட்ட புள்ளிக்கு நோய் வருகிறது; பிறகு குணமாகிறது. மேலே நோயுற்றோர் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு வளைகோடு வளர்கிறது. எல்லோரும் நடமாடினால், தனிமைப்படுத்த முயன்றால், பலர் வீட்டில் இருந்தால், மிகப் பலர் வீட்டில் இருந்தால் என்று நான்கு காட்சிகள். ஒவ்வொரு முறையும் புள்ளிகள் வேறு விதமாக ஓடும். நீங்கள் பார்த்த வளைகோடு வேறொருவருக்கு வந்திருக்காது. அந்த நாளிதழின் இணையதள வரலாற்றிலேயே அதிகம் பார்க்கப்பட்ட பக்கமாக அது ஆனது. ஒளிப்படம் இல்லை, பேட்டி இல்லை, இசை இல்லை. “வளைகோட்டைத் தட்டையாக்குங்கள்” என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, வளைகோடு ஏன் தட்டையாகிறது என்பதைக் கண் முன்னே நடத்திக்காட்டியது. அடுத்த காட்சியில் என்ன ஆகும் என்று வாசகர் தானே ஊகிக்கிறார். ஊகம் சரியா என்று பார்க்கக் கீழே போகிறார். ஈடுபாடு என்கிறோமே, அதன் இயந்திரம் இதுதான்.

## சொடுக்கவைப்பதா, உருட்டவைப்பதா?

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரைகலை என்றால் பொத்தான்கள், வடிகட்டிகள், சுட்டியை வைத்தால் விரியும் குறிப்புகள் என்று இருந்தது. நியூயார்க் டைம்ஸ் வரைகலைப் பிரிவின் ஆர்ச்சி ட்ஸே 2016இல் ஒரு மாநாட்டில் அதற்கு எதிராக மூன்று விதிகள் சொன்னார். உருட்டுவதைத் தவிர வேறு எதையாவது வாசகர் செய்ய வேண்டுமென்றால் பிரமாதமான ஒன்று நடக்க வேண்டும். சுட்டியை வைத்தால் தெரியும் குறிப்பை யாருமே பார்க்கமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கருவிகளிலும் வேலை செய்யவைப்பது செலவான காரியம் என்பதை மறக்காதீர்கள். தொடுதிரையில் சுட்டி என்ற ஒன்றே இல்லை என்பதை நினைத்தால் இரண்டாவது விதிக்கு வாதமே தேவையில்லை.

உருட்டும்போது படம் நிலையாக நிற்க, எழுத்துப் பெட்டிகள் அதன் மேல் கடந்துபோகும் வடிவம் இன்று பரவலாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். வாசகர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் செயலோடு அசைவைக் கட்டிவிடுகிறார்கள். கடிகாரம் அவர் கையைவிட்டுப் போவதில்லை. இதில் கெடுவது எப்படி:

1. ஒரு பெட்டிக்கு ஒரு மாற்றம் என்ற ஒழுங்கை மீறி, நிறமும் அளவும் இடமும் ஒன்றாக மாறுவது. எதைப் பார்ப்பது என்று தெரியாது.
2. பெட்டியில் நீளமான எழுத்து. கைபேசியில் அது வரைபடத்தை முழுதாக மூடிவிடும். 25 முதல் 30 சொல்லே தாராளம்.
3. உருட்டும் வேகத்தைப் பக்கமே கைப்பற்றுவது. விரல் ஓரங்குலம் நகர்ந்தால் பக்கம் ஒரு திரை தாவும், அல்லது நகரவே நகராது. கடிகாரத்தைத் திருடுவதில் இதைவிட எரிச்சலூட்டும் வழி இல்லை.
4. மேல் நோக்கி உருட்டினால் படம் பழைய நிலைக்குத் திரும்பாமல் இருப்பது. கீழே போகும்போது மட்டும் சோதித்துவிட்டு வெளியிட்டவர்களின் பக்கத்தில் இது தவறாமல் இருக்கும்.

## ஓர் உப்பளக் கதையைப் பிரித்து வைத்தால்

தூத்துக்குடி உப்பளத்தைப் பற்றி ஒரு பக்கம் செய்வதாக வைத்துக்கொள்வோம். கேமராவோடு கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு நெடுவரிசை: இடப்பக்கம் கதையின் படிகள், வலப்பக்கம் ஒவ்வொன்றையும் சொல்லும் ஊடகம். ஒரு படிக்கு ஒரு ஊடகம்தான்.

உப்புநீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகப் போகச் செறிவு ஏறுகிறது. ஏறக்குறைய 25 போமே பாகையில் உப்பு படியத் தொடங்கும். அதற்கு மேல் செறிவு ஏறவிட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும் என்பதால், எஞ்சிய நீரை வெளியேற்றுகிறார்கள். இந்தப் படிக்கு உருட்டினால் மாறும் ஒரு குறுக்குவெட்டுப் படம். நான்கு பெட்டி போதும். போமே என்பது செறிவை அளக்கும் அளவு என்று முதல் பெட்டியிலேயே சொல்லிவிட வேண்டும். அளவுகோல் புரியாதவருக்கு ஏறும் எண்ணால் பயனில்லை.

உப்பு பூப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, மெதுவாக நடக்கிறது. முக்காலியில் கேமராவை அசையாமல் நிறுத்தி, 10 விநாடிக்கு ஒரு படம் வீதம் நான்கு மணி நேரம் எடுத்தால் 1,440 படங்கள். விநாடிக்கு 24 படம் வீதம் ஓட்டினால் சரியாக ஒரு நிமிடம். அதில் சிறந்த பத்து விநாடி லூப்புக்கு. வெளிச்சத்தையும் ஃபோகஸையும் கையால் பூட்டிவைக்காவிட்டால் மேகம் கடக்கும்போதெல்லாம் படம் மினுக்கும்.

நீளக் கம்பில் பலகை பொருத்திய கருவியால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்க்கும் சத்தம் இருக்கிறதே, அதை எந்த எழுத்தும் சொல்லாது. அது 20 விநாடி ஒலி. வெள்ளைப் பரப்பின் கூச்சமும் காலில் உப்பு அரித்த புண்ணும் அசையாப் புகைப்படம். வெளிச்சம் கூசும் இடத்தில் கேமரா தானாக அளந்தால் உப்பு சாம்பல் நிறமாக வரும். ஒளியளவை ஒரு படி கூட்டி வைக்க வேண்டும். கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, மழைக்காலத்தில் வேலை நின்றால் வீடு எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் எழுத்து. கடன் பற்றித் தொழிலாளி தானே பேசும் முப்பது விநாடிக் குரலை அந்தப் பத்திக்குப் பக்கத்தில் வைக்கலாம். இசை வேண்டாம். சோகப் புல்லாங்குழல் அவர் சொல்வதை நம்பாததற்குச் சமம்.

## எடை, எழுத்துரு, வசன வரி

நல்ல கதையைக் கொல்லும் விஷயங்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. பக்கத்தின் பெரிய உறுப்பு 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். அதற்குப் பொருந்தும் நடைமுறைக் கணக்கு: முழுத்திரைப் புகைப்படம் 1,600 பிக்செல் அகலம், 300 கேபிக்குள். பத்து விநாடி லூப் விநாடிக்கு ஒரு மெகாபிட் வீதம் என்றால் 1.25 எம்பி, ஒலித்தடத்தை அறவே நீக்கிவிடுங்கள். பேச்சொலி ஒற்றைத் தடம், 64 கேபிபிஎஸ், அதாவது விநாடிக்கு 64 கிலோபிட். நிமிடத்துக்கு 480 கேபி. படத்துக்கான இடத்தை அகல உயரத்தோடு முன்பே ஒதுக்காவிட்டால், படம் வந்து விழும்போது படித்துக்கொண்டிருக்கும் வரி கீழே ஓடிவிடும்.

சத்தத்தோடு தானாக ஓடும் காணொளியைக் குரோம் உலாவி 2018 முதல் தடுக்கிறது. ஊமையாக ஓடினால் அனுமதி. எனவே முகப்புக் காணொளியின் பொருள் சத்தத்தில் இருந்தால், பெரும்பாலோருக்கு அது பொருளற்ற காணொளி.

தமிழுக்கென்று சில கோளாறுகள் உண்டு. எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் அசைவு வார்ப்புகள் (டெம்ப்ளேட்கள்) பல, சொல்லைக் கணினி எண்ணிடும் குறியீட்டுத் துண்டுகளாக உடைக்கின்றன. “தமிழ்” என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. வார்ப்பு அப்படியே உடைத்தால் கொம்பும் காலும் தனியே வட்டத்தோடு மிதக்கும். சொல் சொல்லாகத் தோன்றும்படி மாற்றிக்கொள்வதே வழி. எழுத்திடைவெளியைக் கூட்டும் அலங்காரமும் வேண்டாம். மேலே கொக்கி, கீழே உகரச் சுழி என்று இரு பக்கமும் நீள்வதால் வரி உயரம் எழுத்தளவைப் போல 1.6 மடங்காவது இருக்கட்டும். கைபேசியின் குறுகிய திரையில் இருபுறமும் சீராக்கினால் நீளமான தமிழ்ச் சொற்களுக்கு நடுவே பள்ளத்தாக்குகள் விழும். இடப்பக்கம் மட்டும் ஒட்டிவையுங்கள்.

வசன வரியில் பேச்சுத் தமிழைப் பேச்சாகவே எழுதுவதா, எழுத்துத் தமிழாக்குவதா என்ற கேள்வி எப்போதும் வரும். “வந்துட்டாங்க” என்று காதில் கேட்டு “வந்துவிட்டார்கள்” என்று கண்ணில் படித்தால் மனம் ஒருமுறை தடுக்குகிறது. பேச்சாகவே எழுதுவது நல்லது. வட்டார வழக்கின் அரிய சொல்லுக்கு மட்டும் பொருள் தரலாம். ஒரு வரிக்கு நான்கைந்து சொல், ஒரு நேரத்தில் இரண்டு வரி. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1. உப்பளத்தின் வெள்ளைமேல் வெள்ளை வசன வரி போட்டுவிட்டு யாரும் கவனிக்காமல் வெளியிடுவது நடக்கக்கூடியதே.

## எண்கள் பொய் சொன்னபோது

எது ஈர்க்கிறது என்பதை அளக்கப்போய் ஒரு தொழிலே தடம்புரண்ட கதை உண்டு. 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒரு தவற்றை ஒப்புக்கொண்டது. காணொளியின் சராசரிப் பார்வை நேரத்தைக் கணக்கிடும்போது, மூன்று விநாடிக்கும் குறைவாகப் பார்த்தவர்களை வகுக்கும் எண்ணிலிருந்து விட்டிருக்கிறார்கள். உடனே ஓடிப்போனவர்களை எண்ணாவிட்டால் சராசரி ஏறத்தானே செய்யும்? 60 முதல் 80 விழுக்காடு வரை அது மிகைப்பட்டிருந்தது. விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கை அந்த நிறுவனம் 2019இல் 4 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. காணொளிதான் எதிர்காலம் என்ற அலையில் 2017இல் அமெரிக்கச் செய்தித் தளங்கள் சில எழுத்தாளர்களை வேலையைவிட்டு அனுப்பிக் காணொளிக் குழுக்களை வளர்த்தன. அந்த அலைக்கு இதுபோன்ற எண்களும் காற்றடித்தன.

சராசரி நேரம் என்ற ஒற்றை எண்ணை நம்பாமல், உறுப்பு உறுப்பாக அளப்பதே பயன். நான்காம் பத்திவரை வந்தவர் எத்தனை, ஒலியைத் தொட்டவர் எத்தனை, தொட்டவரில் முடியும்வரை கேட்டவர் எத்தனை, கேட்டபின் அடுத்த பத்திக்குப் போனவர் எத்தனை. கடைசி எண் விழுந்தால் ஒலியில் குறையில்லை. திரும்பி ஏறும் படி சரியில்லை.

## பக்கம் எத்தனை ஆண்டு வாழும்?

அடோபி நிறுவனம் ஃப்ளாஷ் தொழில்நுட்பத்துக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அதன் கோப்புகள் ஓடாதபடி தடுத்தது. 2000களில் அதில் கட்டிய வரைகலைகளும் ஒலியோடு ஓடும் படக்காட்சிகளும் இன்று திறந்தால் பெரும்பாலும் சாம்பல் பெட்டிகள். ஃப்ளாஷைப் போலச்செய்யும் மென்பொருள்கள் சிலவற்றை மீட்கின்றன, எல்லாவற்றையும் இல்லை. இன்று வெளியாரின் நிரல் நூலகங்களையும் நிலப்படச் சேவைகளையும் நம்பிக் கட்டும் பக்கங்களுக்கும் அந்தச் சேவை விலை ஏற்றினாலோ மூடினாலோ அதே கதிதான்.

இதற்கு வெளியிடும் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை அரை நாள்தான். ஒவ்வொரு அசைவுப் படத்துக்கும் ஓர் அசையாப் படம்; ஒவ்வொரு ஒலிக்கும் காணொளிக்கும் முழு எழுத்துப்படி; மூலக் கோப்புகள், தரவுகள், பேட்டி கொடுத்தவரின் ஒப்புதல் எல்லாம் ஒரே உறையில், வேறொரு வட்டிலும் ஒரு பிரதியாக. நகர்வைக் குறைத்துக் காட்டும்படி கைபேசியில் அமைத்திருப்பவர்களுக்கு, அதாவது அசைவு பார்த்தால் தலை சுற்றுபவர்களுக்கு, இன்றைக்கே காட்ட வேண்டியதும் அந்த அசையாப் படத்தைத்தான்.